சீழ் வைக்காத புண்

நான் இருக்கும் இந்த ஜெர்மானிய ஊரில் பகல் பன்னிரண்டு மணி ஆகிவிட்டால், நடைவழியில் எதிர்ப்படுகிற எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். வந்த புதிதில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "இல்லை, இன்னும் வேலை இருக்கிறது, நன்றி" என்று நின்று பதில் சொல்வேன். சொன்னவர் அதற்குள் பத்தடி தாண்டிப் போயிருப்பார். என்னோடு வேலை பார்க்கும் ஊட்டாதான் ஒருநாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது கேள்வி இல்லை, ஸ்டெல்லா. நீயும் அதையே சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான்" என்று விளக்கினாள். எங்கள் மயிலாப்பூரில் 'சாப்டாச்சா' என்று கேட்பவர் பதிலுக்கு நிற்பார். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். இங்கே யாரும் நிற்பதில்லை. அதுவும் புதன்கிழமைகளில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் நான் நடையை எட்டிப் போடுவேன். புதன்கிழமை என் கையில் பனிக்கட்டி நிரப்பிய ஒரு டப்பா இருக்கும். அதற்குள் மனிதத் தோல் இருக்கும்.

அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்து மிஞ்சும் தோலை, உரியவர் கையெழுத்துப் போட்டால், எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தருவார்கள். கண்ணிமையில் தொங்கிய சதை, வயிற்றில் மடிந்த மடிப்பு, இப்படி ஏதாவது வரும். நான் அதை உறைய வைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, சாயம் ஏற்றுவேன். நாங்கள் தேடுவது தோலுக்குள் ஓடும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரை. அந்தச் சுவரில் ஏற்பிகள் என்று கொக்கி போல சில பொருள்கள் இருக்கின்றன. தோல் நலமாக இருக்கும்போது அவை அவ்வளவாக வெளியே தெரியாது. ஒரு முள் குத்தினால், கிருமி நுழைந்தால், சில மணி நேரத்தில் சுவர் முழுக்க அவை வந்து நிற்கும். இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணு அவற்றில் இடறி, உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி நின்று, பிறகு சுவரைப் பிதுக்கிக்கொண்டு புண்ணுக்குள் இறங்கும். அங்கே கிருமியோடு சண்டையிட்டுச் செத்துக் கிடப்பதைத்தான் நாம் சீழ் என்கிறோம். எந்தத் தோலில், எந்த நோயில், எந்த ஏற்பி எவ்வளவு தெரிகிறது என்று எண்ணிப் பார்ப்பது என் வேலை. ஐந்து வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். இவ்வளவு தெரிந்தவள் ஒரு கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டேன் என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கடிதம் என் தம்பி அருள் எழுதியது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அவனுக்கும் ரெஜினாவுக்கும் முதல் பெண் குழந்தை பிறந்திருந்தது. கிளாரா என்று பெயர். நீல நிற ஏரோகிராமில் எல்லாப் பக்கத்திலும் எழுதி, ஒட்டும் மடிப்பிலும் எழுதியிருந்தான். குழந்தை நிறம் யார் மாதிரி, ஞானஸ்நானத்துக்கு யார் யார் வந்தார்கள், அம்மா தன் இடது கையால் குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டது. அந்த ஒட்டும் மடிப்பில் ஒரு வரி: 'ஐந்து வாரம் ஆகியும் தொப்புள் கொடி விழவில்லை. லஸ்ஸில் கிளினிக் டாக்டர் பவுடர் கொடுத்திருக்கிறார்.' சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல் என்று பதில் எழுதினேன். அன்றைக்கு ஏதோ பனி பெய்துகொண்டிருந்தது, அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன்.

அருளும் ரெஜினாவும் சொந்தம். ரெஜினா எங்கள் தாய்மாமாவின் மகள். பெசன்ட் நகரில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. கத்தோலிக்கர்களில் மாமன் மகளைக் கட்டுவதற்கு பிஷப்பிடம் விலக்கு வாங்க வேண்டும். ஏன் விலக்கு வேண்டும் என்று காரணம் காட்டி மனு எழுத வேண்டும். அந்த மனுவை எழுதியது நான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. எனக்கு ஜெர்மனியிலிருந்து வேலைக்கடிதம் வந்திருந்தது. நான் போக வேண்டுமென்றால் அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, சோறு ஊட்ட வீட்டுக்கு ஒரு பெண் வர வேண்டும். வருகிறவள் அம்மாவிடம் முகம் சுளிக்காதவளாக இருக்க வேண்டும். ரெஜினாவுக்கு அம்மா சொந்த அத்தை. சின்ன வயதிலிருந்தே அத்தை மடியில் தூங்கியவள். 'நோயுற்ற தாயின் பராமரிப்பை முன்னிட்டு' என்று எழுதினேன். பங்குச் சாமியார் மனுவை வாசித்துவிட்டு, பக்கத்தில் நின்ற அருளை விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீ சயின்ஸ் படிச்சவ. இதுல உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையேம்மா?"

"இல்ல ஃபாதர்," என்றேன்.

பட்டாணிச் செடிகளை வைத்துப் பரம்பரை விதிகளைப் பற்றி முதுகலைத் தேர்வில் பன்னிரண்டு பக்கம் எழுதியவள் நான். எத்தனையோ பேர் சொந்தத்தில் கட்டிக்கொள்கிறார்கள், பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் சாமியார் கேட்டபோது நான் அதை யோசித்துப் பதில் சொல்லவில்லை. விசாவை யோசித்துப் பதில் சொன்னேன்.

கிளாராவுக்கு ஏழு மாதம் நடக்கும்போது அடுத்த கடிதம் வந்தது. தி. நகரில் ஒரு நகைக்கடையில் காது குத்தியிருக்கிறார்கள். இடது காது ஆறவில்லை. ஓட்டையைச் சுற்றித் தோல் கறுத்து, குழி விழுந்து, ஜுரம் விட்டு விட்டு வருகிறது. இரத்தம் சோதித்ததில் வெள்ளை அணு எக்கச்சக்கமாக இருக்கிறதாம், இரத்தப் புற்றுநோயோ என்று ஒரு டாக்டர் பயமுறுத்துகிறார். இன்னொரு டாக்டர் மட்டும் தைரியம் சொல்கிறார். 'புண்ணில் சீழே இல்லை, அதனால் பயமில்லை என்கிறார் அக்கா.'

அந்த வரியை நான் ஆய்வுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். எதிரே நுண்ணோக்கியில் ஒரு தகடு இருந்தது. இரத்தம் முழுக்க வெள்ளை அணு, புண்ணில் ஒன்றுகூட இல்லை. விழாத கொடி. கொடி விழுவதற்கும் அதே அணுக்கள் வெளியே இறங்கி வந்து வேலை செய்ய வேண்டும். குழாய்ச் சுவரில் ஏற்பி வந்து நின்றாலும், அதைப் பிடிக்க வேண்டிய பொருள் அணுவின் மேல் பிறவியிலேயே இல்லாமல் போகிற நோய் ஒன்று உண்டு. மிக அரிது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வந்தால்தான் பிள்ளைக்கு வரும். எழுந்து பேராசிரியர் அறைக்குப் போனேன். என் ஜெர்மன் அன்று கால் உடைந்து நொண்டியது. எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, "இன்டெரெஸ்ஸான்ட்," என்றார். பிறகு, "தோல் கிடைக்குமா?" என்றார்.

என் தம்பி மகள் சாகக் கிடக்கிறாள், இந்த மனிதருக்குச் சுவாரசியமாக இருக்கிறதே என்று அங்கேயே அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைத் திறந்தார், மூடினார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. அந்தப் பொருள் வெள்ளை அணுவில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஆன்டிபாடி அதற்குள் ஒரு சின்னக் குப்பியில், பனிக்கட்டிக்கு நடுவே. பக்கத்தில் மூன்று வார விடுப்புக் கடிதம், கையெழுத்தோடு. இந்த ஊரில் துக்கத்துக்கு வார்த்தை குறைவு என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் குறை சொல்வதில்லை.

நான் விட்டுப் போனது மெட்ராஸ். இறங்கியது சென்னை. பெயர் மாறிப் பல மாதங்கள் ஆகியிருந்தும், வீட்டுக்கு வரும் வழியில் பாதிப் பெயர்ப்பலகைகள் இன்னும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போனதும் அம்மா என்னைப் பார்த்துக் கோணிய வாயால் சிரித்தாள். சுத்தமான புடவை, இறுக்கிப் பின்னிய ஜடை, காலில் எண்ணெய். ரெஜினா மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடியும் அம்மாவுக்கு ஒரு குறையும் வைத்திருக்கவில்லை.

கிளாராவை அடையாறில் ஒரு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். நான் முதல்முறை பார்க்கிறேன். பெரிய கண்கள், எங்கள் அப்பாவின் நெற்றி. காதில் போட்டிருந்த கட்டைப் பிரித்துக் காட்டினார்கள். ஓரம் சுத்தமாக, காய்ந்து, கறுத்து இருந்தது. ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. ஆயிரம் தோல் பார்த்தவள் நான், அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மருத்துவர் இளைஞர், பொறுமையானவர். நான் சொன்னதைக் கேட்டு, குழந்தையின் இரத்தம் எடுக்க ஒப்புக்கொண்டார். காதோரத்திலிருந்து உளுந்தளவு தோலும் எடுத்தார். அருள் கையெழுத்துப் போட்டான். ரெஜினா அப்போது அம்மாவுக்குச் சோறு ஊட்ட வீட்டுக்குப் போயிருந்தாள்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் நுண்ணோக்கி இருந்தது. போன அன்று அங்கே மின்சாரம் இல்லை, குளிர்பெட்டியும் ஓடவில்லை, பிளாஸ்க்கில் இருந்த பனியும் உருகிவிட்டது. பட்டினப்பாக்கத்துக்கு ஆட்டோவில் ஓடி, ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஐஸ் கேட்டேன்.

"இன்னாமா, மீனு வாணாமா? வெறும் ஐஸ வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"ஒரு மருந்துக்கும்மா. குழந்தைக்கு."

"கொயந்தைக்கா?" பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டாள். "எட்த்துக்கினு ஓடு. கரஞ்சிடப் போவுது."

மீன் வாடை அடித்த அந்தப் பனிக்கட்டியில்தான் ஜெர்மனிக் குப்பி அன்று பிழைத்தது. மாலை மின்சாரம் வந்தது. நான்கு பேர் இரத்தம் பார்த்தேன். ஒப்பிட என்னுடையது, அருளுடையது, ரெஜினாவுடையது, பிறகு கிளாராவுடையது. முதல் மூன்றிலும் அந்தப் பொருள் இருந்ததால் வெள்ளை அணுக்களின் விளிம்பு பச்சையாக ஒளிர்ந்தது. நான்காவது தகட்டை வைத்தேன். இருட்டு. தகடு நழுவியிருக்கும் என்று தள்ளிப் பார்த்தேன். விளக்கை மாற்றிப் பார்த்தால் அணுக்கள் கும்பல் கும்பலாக இருந்தன. மறுபடி மாற்றினால் இருட்டு. தோழி என் தோளைத் தொட்டு, "போதும் ஸ்டெல்லா" என்று சொல்லும் வரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருளை மறுநாள் மருத்துவமனைக்கு வெளியே டீக்கடைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மருந்து இருக்காக்கா?"

"கிருமிக்குக் குடுக்கலாம்டா. வர வரக் குடுத்துக்கிட்டே இருக்கலாம். சரியாகணும்னா எலும்பு மஜ்ஜை மாத்தணும். பொருந்துற மாதிரி கூடப்பொறந்தது இருக்கணும். இவ இருக்கிற நிலைமையில அதையும் தாங்க மாட்டா."

"யாரால வந்துது? என்னாலயா, அவளாலயா?"

"ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பாதிப் பாதி. நீங்க ரெண்டு பேரும் ஒரே தாத்தா பாட்டி வழி. அங்க இருந்து வந்திருக்கு."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் போகிற பஸ்களைப் பார்த்தான். "சாமியார் கேட்டாரே," என்றான். "உன்னத்தான் கேட்டாரு."

நான் அவன் வைத்த டம்ளரை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

"ரெஜினாகிட்ட சொல்லாத. கல்யாணத்தால வந்துதுன்னு அவ கேக்கக் கூடாது. எனக்கு சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். மூன்றாம் நாள் அதை மீறினேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ரெஜினா, அறையில் வேறு யாரும் இல்லாத நேரம், என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"அண்ணி, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. ரெண்டு மாசம். அவருகிட்ட இன்னும் சொல்லல. இப்ப எப்படிச் சொல்றதுன்னு தெரியல." பிறகு திரும்பினாள். "இதுக்கும் இப்படி வருமா?"

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாதி, பாதி, தாத்தா பாட்டி, நாலில் ஒன்று. அவள் குழந்தையைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

"நாலுல ஒண்ணு," என்றாள். "அப்ப மூணு நல்லாருக்கும் இல்ல அண்ணி? இந்த ஒண்ணு கிளாராவா ஆயிடுச்சு. இனிமே மூணும் நல்லதுதானே?"

அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து நாலில் ஒன்று என்று விளக்கியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு முன்னால் மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டாததைச் சொல்லி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவள் ஆனேன்.

அன்று மாலையே அருளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சத்தம் போடவில்லை. "நீ வந்து கண்டுபிடிச்சதுல என்ன ஆச்சு? புள்ள பொழைச்சுதா? எங்களுக்கு இருந்த ஒண்ணையும் நீ கெடுத்துட்ட," என்றான். அவர்களிடம் இருந்த ஒன்று எது என்று நான் கேட்கவில்லை. கடவுள் கொடுத்த நோய் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அதை எங்கள் குடும்பம் கொடுத்த நோயாக்கிவிட்டேன். விடுப்பு முடிந்து கிளம்பும்போது வழியனுப்ப யாரும் வரவில்லை. ஆட்டோவில் மடியில் பெட்டியும் ஒரு கையில் பிளாஸ்க்குமாகப் போனேன். பிளாஸ்க்குக்குள் கிளாராவின் காதோரத் தோல், உறைந்த நிலையில் இருந்தது.

நான் ஜெர்மனிக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள், சரியாகப் பன்னிரண்டரைக்கு, ஆய்வுக்கூடத் தொலைபேசியில் அருளின் குரல். லஸ் முனை பூத்திலிருந்து பேசுகிறான் என்று பின்னால் கேட்ட ஹாரன் சத்தத்திலிருந்து தெரிந்தது. "பாப்பா போயிடுச்சுக்கா. காலைல அடக்கம் பண்ணிட்டோம்," என்றான். வைத்துவிட்டான். நடைவழியில் எல்லோரும் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் நாலு சுவர். துக்கம் விசாரிக்க வருகிற அத்தையோ, அடுப்பில் கஞ்சி வைக்கிற பக்கத்து வீட்டுக்காரியோ இங்கே இல்லை. நான் உறைபெட்டியைத் திறந்து அவள் தோலை எடுத்தேன். சீவினேன், சாயம் ஏற்றினேன். அன்று முழுவதும் அதைத்தான் செய்தேன்.

குழாய்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு நுண்ணிய குழாயின் உட்சுவரிலும் ஏற்பிகள் பழுப்பு வளையமாகத் தெரிந்தன. இவ்வளவு அடர்த்தியாக எந்த ஜெர்மானியத் தோலிலும் நான் பார்த்ததில்லை. ஏழு மாதம் அந்தச் சின்ன உடம்பு கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. குழாய்க்குள் வெள்ளை அணுக்கள் நெரிசலாக நின்றன. வெளியே ஒன்றுகூட இல்லை. ஊட்டா ஒரு முறை வந்து பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, மாலை வரை என் பக்கத்தில் உட்கார்ந்து தகடுகளுக்கு எண் எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் சென்னையிலிருந்து ஒரு வரி வரவில்லை. நான் எழுதிய நான்கு கடிதத்துக்கும் பதில் இல்லை. பிரசவ நாளை நானே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"ஆம்பளப் புள்ளக்கா," என்றான் அருள். "இன்னிக்கு எட்டாவது நாள். கொடி விழுந்துடுச்சு. நீதான் சொன்ன இல்ல, கொடி விழறதுதான் நல்ல அடையாளம்னு... அதான் விழட்டும்னு காத்திருந்து போன் பண்றேன்."

இரண்டு பேரும் அழுதோம். அந்த அழுகையில் சமாதானம் ஆகிவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போது, "இரு, ரெஜினா பேசணுங்கறா," என்றான். பச்சை உடம்புக்காரி பூத்து வரைக்கும் வந்திருக்கிறாள்.

"அண்ணி," என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "பாப்பாவோட தோல் உங்ககிட்ட இருக்காமே. இவரு இப்பதான் சொன்னாரு."

"ஆமா ரெஜினா. கொஞ்சமா, ஒரு உளுந்தளவு."

"எவ்வளவுன்னா என்ன. முழுசா பொதைச்சிட்டோம்னு நெனச்சிட்டிருந்தேன். அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வந்துடுங்க. அவகூட வச்சிடலாம்."

திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். இந்த நோயில் இந்தக் குழாய்களை இவ்வளவு தெளிவாகக் காட்டும் தோல் எங்களிடம் வேறு இல்லை. நாளைக்கு இதே நோயோடு ஒரு குழந்தை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும். அதை அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். நானே ரெஜினாவுக்காகக் கேட்டு, நானே ஆய்வுக்கூடத்துக்காக வாதாடினேன். கடைசியில் அவர், "பாதி," என்றார். "உனக்குச் சரியென்றால்."

சரியென்றேன். உறைபெட்டியிலிருந்து அதை எடுத்து, உலர்பனியின் மேல் வைத்து, புதுப் பிளேடால் நடுவில் வெட்டினேன். இரண்டு குப்பிகள் எடுத்து வைத்திருந்தேன். ஒன்றின் மேல் எங்கள் ஆய்வுக்கூடத்து எண்ணை எழுதினேன். இன்னொன்றின் மேல் தமிழில் 'கிளாரா' என்று எழுதினேன். அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிறகு பனிக்கு நடுவே கிடந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தேன். எதை எதில் போடுவது என்று தெரியாமல் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.